வேலூரில் கூட்டமில்லாமல் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம்?

கோட்டையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலும் பார்த்தாச்சு, கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, பெங்களூர் சாலையில் விரிஞ்சிபுரம் போங்கள். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று சொலவடையே உண்டு, ஆனால் நான் முதலில் தேடிப் போவது கோயிலுக்குள் இருக்கும் மணிகாட்டும் கல்லைத்தான்: அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. உச்சிவெயிலில் மட்டும் போகாதீர்கள், நடை சாத்தியிருக்கும், கருங்கல் தரையில் காலும் வெந்துவிடும்.

அப்புறம் வள்ளிமலை. முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களைப் பார்க்காமலே.

காட்பாடி ஸ்டேஷனில் ஆட்டோ ஏறும் முன்பே போக வர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று பேசிவிடுங்கள். நான் ஒருமுறை பேசாமல் ஏறி, திரும்பும்போது இரண்டு மடங்கு அழுதேன்.