வாசகர் கேள்வி – பதில்: ஊர் விட்டு வந்தவர்களின் விடுமுறை நாட்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பல, தொழிலுக்காகவும் படிப்புக்காகவும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு வந்து தங்கியிருப்பவர்கள் எழுதியவை. எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால் அவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஹற்றனைச் சேர்ந்தவள். நியமனம் கிடைத்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். தவணை விடுமுறைக்கு மட்டுமே வீட்டுக்குப் போக முடிகிறது. சனி, ஞாயிறு முழுவதும் வாடகை அறைக்குள்ளேயே கழிகிறது. மலையும் குளிரும் பழகிய எனக்கு இந்த வெயிலும் வெட்டவெளியும் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை ஒருவர், கொக்கட்டிச்சோலை

பதில்: சகோதரி, அறையை விட்டு வெளியே வாருங்கள், ஆனால் வெயில் ஏறுவதற்கு முன்பு வாருங்கள். இங்கே வெளியில் நடமாட ஏற்றவை விடியற்காலையும் பின்னேரமுமே. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் உள்ளூர் விவசாயிகளே நடுப்பகலில் மர நிழலை விட்டு இறங்க மாட்டார்கள்.

துவிச்சக்கர வண்டி ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் பெறுங்கள். படுவான்கரை ஏறத்தாழச் சமதரையாதலால், ஏற்றத்தில் வளர்ந்த உங்கள் கால்களுக்கு அது சிரமமே தராது. விடியும் வேளையில் வாவிக்கரைக்குப் போனால், இரவு முழுவதும் தொழில் செய்த தோணிகள் கரை சேர்வதையும், வலைக்கண்ணில் சிக்கிய இறாலை மீசை முறியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போடுவதையும், கரையில் நிற்கும் வியாபாரி அதை எடைபோடுமுன் கையால் அளைந்து பார்ப்பதையும் காணலாம். அன்றைய கறிக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நாலைந்து வாரம் தொடர்ந்து போனால் அவர்களே உங்களை “ரீச்சர்” என்று அழைத்து நல்ல மீனை எடுத்து வைப்பார்கள்.

நீங்கள் இருப்பது தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் ஊர். போர்த்துக்கேயராகிய பறங்கியர் முன்னிலையில் கல்நந்தி எழுந்து புல் உண்டதாக வழங்கும் கதையை நூலில் படிப்பதைவிட, அந்த வீதியில் பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் சொல்லக் கேளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால் வாவியின் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்குச் செல்வது எளிதாகிவிட்டது. என்றாலும் தெற்கே மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே, இரு கரை மக்களும் நெடுங்காலமாகச் செய்ததைப் போலப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து பார்த்தால்தான் இந்த மாவட்டம் நீரால் எப்படிப் பிரிந்தும் சேர்ந்தும் கிடக்கிறது என்பது விளங்கும்.

தனியே போகாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். தங்கியிருக்கும் வீட்டு அம்மாவையோ, உங்களிடம் படிக்கும் பிள்ளையின் தாயையோ அழைத்துச் செல்லுங்கள். கூப்பிட வேண்டும் என்று காத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டும் காலத்தில் வயலுக்கு வருமாறு யாரேனும் அழைத்தால் மறுக்காமல் போங்கள். ஆனால் பொழுது சாயுமுன் வீடு திரும்புங்கள். நெல் விளையும் காலத்தில் யானைகள் காட்டோர வட்டைகளுக்கு (வயல்வெளிகளுக்கு) இறங்குகின்றன, அவற்றால் உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் உங்கள் வகுப்பறையிலேயே இருக்கக்கூடும்.

மட்டக்களப்பில் வசியம் செய்து வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று உங்கள் ஊரில் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். அச்சம் வேண்டாம். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மனம் வராத மக்களிடையே இருக்கிறீர்கள்.

கேள்வி: பௌர்ணமி இரவில் கல்லடியில் மீன் பாடும் என்கிறார்கள். இங்கு வேலைக்கு வந்த நாள்முதல் கேட்க ஆசை. உண்மையில் கேட்குமா?
– தாதிய உத்தியோகத்தர், வவுனியாவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தவர்

பதில்: கேட்டவர்கள் பலர். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் தாம் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். ஓசையை எழுப்புவது மீனா, மீனவர் சொல்லும் ஊரி என்னும் நத்தையினமா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. பாலத்தின்மேல் நின்றால் வாகன இரைச்சல்தான் கேட்கும். மாரி ஓய்ந்து வாவி தெளிந்திருக்கும் மாதங்களில், அனுபவமுள்ள தோணிக்காரர் ஒருவருடன் பழைய பாலத்துக்கு அருகே நீரில் நின்று, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வையுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் இரவில் ஏற வேண்டாம்.

கேள்வி: வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவன் நான். நண்பர்களுடன் கடலில் குளிக்க விரும்புகிறேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்றாலும் அம்மா விடமாட்டேன் என்கிறார். நண்பன் ஒருவன் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகலாம் என்கிறான். உங்கள் கருத்து என்ன?
– பல்கலைக்கழக மாணவர்

பதில்: தம்பி, அம்மாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. காரைநகர்க் கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. அந்தக் கடலில் பெற்ற துணிச்சலுடன் கல்லடிக் கடலில் இறங்குவது ஆபத்தானது. இங்கே உங்கள் முன் இருப்பது திறந்த வங்காள விரிகுடா. கரை சட்டென்று சரியும், அலை காலைப் பறிக்கும், நீந்தத் தெரிந்தவரும் திணறுவர்.

ஆகவே முதலில் பாசிக்குடாவுக்குப் போங்கள். வாழைச்சேனையைத் தாண்டினால் வந்துவிடும். முருகைக்கற் பாறைகள் அலையைத் தடுப்பதால் அந்தக் குடா ஆழமின்றி அமைதியாகக் கிடக்கிறது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரையான காலமே அதற்கு ஏற்றது. கார்த்திகை தொடங்கி வாடைக்காற்று அடங்கும் வரை கிழக்கின் எந்தக் கடலிலும் இறங்காதீர்கள். 1978இன் சூறாவளி இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதும் ஒரு கார்த்திகை மாதத்தில்தான்.

திறந்த கடற்கரையில் குளிக்க நேர்ந்தால், இறங்குமுன் கரையில் சற்று நேரம் நின்று அலையைப் பாருங்கள். இரு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே ஓரிடம் மட்டும் அலை உடையாமல் கலங்கிய நிறத்தில் அமைதியாகத் தெரியுமானால், பழகாதவர் கண்ணுக்குக் குளிக்க மிக வாய்ப்பான இடமாகத் தோன்றும் அதுவே, கரையேறிய நீர் கடலுக்குத் திரும்பும் வழியாகும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின் கரைக்குத் திரும்புங்கள். இதை நண்பர்கள் அனைவரும் தெரிந்துகொண்ட பிறகே புறப்படுங்கள். வாவியில் முதலைகள் உண்டு. உள்ளூர் மீனவர் குளிக்காத துறையில் நீங்களும் குளிக்காதீர்கள்.

ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். அது 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குரிய எல்லையே 40 மீற்றர்தான். சிறப்புப் பயிற்சி பெறாதவர் அங்கே செல்வதை நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: மன்னாரிலிருந்து வந்து அக்கரைப்பற்றில் வங்கியொன்றில் பணிபுரிகிறேன். கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடந்து செல்ல வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவனால் முடியுமா?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: முடியும் ஐயா, ஆனால் ஆயத்தம் வேண்டும். கதிர்காமத்தின் ஆடிவேல் விழாவையொட்டிச் சில வாரங்களுக்கு மட்டுமே குமண, யால வனங்களின் ஊடான பாதை யாத்திரிகருக்குத் திறக்கப்படும். திகதியை ஆண்டுதோறும் அதிகாரிகள் முன்கூட்டியே அறிவிப்பார்கள். மற்றக் காலங்களில் அங்கே நடந்து செல்ல அனுமதியில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து வருபவர்களும் உகந்தை முருகன் சந்நிதியில் வந்து கூடுகிறார்கள். அங்கிருந்து குமுக்கன் ஆற்றைக் கடந்து, வியாழை, கட்டகாமம் ஆகிய இடங்களில் தங்கி, கதிர்காமம் சேர ஐந்தாறு நாள் ஆகும்.

நீர் கிடைக்காத நீண்ட இடைவெளிகள் வழியில் உண்டு என்பதால் சுமையில் பாதி நீராகவே இருக்க வேண்டும். மன்னாரில் அறிந்தவர் இல்லாவிட்டாலும், அக்கரைப்பற்று, திருக்கோவில், தம்பிலுவில் ஊர்களில் வருடந்தோறும் போகும் குழுக்கள் இருக்கின்றன, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவர் முன்னே வேலேந்திச் செல்ல, குழு கலையாமல் பின்தொடர்வது பக்திக்கு மட்டுமன்று, யானையும் கரடியும் உள்ள காட்டில் பாதுகாப்புக்கும் உரிய முறையாகும். இப்போதிருந்தே அதிகாலையில் திருக்கோவில் வரை நடந்து பழகுங்கள். யாத்திரையன்று அணியவிருக்கும் பாதணியையே இப்போதும் அணியுங்கள். புதுச் செருப்பு காட்டுக்குள் புண்ணாக்கும். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: கண்டியிலிருந்து வந்து சம்மாந்துறையில் வேலை செய்கிறேன். நண்பர்களுடன் வயல் வாய்க்காலில் இறங்கி மீன்பிடித்து வந்தபின் ஒருவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. இனி இப்படிப் போகவே கூடாதா?
– அலுவலர் ஒருவர்

பதில்: போகலாம். காலில் புண்ணோ வெடிப்போ இருக்கும் நாளில் மட்டும் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அவ்வழியே உடலுக்குள் புகும். விவசாயிகளுக்கு இதற்கான தடுப்பு மாத்திரை வழங்கப்படுவதுண்டு. உங்களுக்கும் தேவையா என்று பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். காய்ச்சலுடன் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சென்று, வயலில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். மாரி காலத்தில் டெங்குவும் பரவுவதால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரையைத் தாமாக விழுங்கக் கூடாது. காய்ச்சல் கண்டதும் அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று கண்டிக்குப் பேருந்து ஏறுவது தூர ஊர்க்காரர் பலரின் வழக்கம்; அந்தப் பயண நேரத்தில் நோய் முற்றிவிடும். இங்குள்ள அரச வைத்தியசாலைக்கே முதலில் செல்லுங்கள், தங்கியிருக்கும் வீட்டாரிடம் உங்கள் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தை இன்றே எழுதிக் கொடுத்து வையுங்கள்.