பட்டறைப் பக்கம்: கிளட்ச் அடுக்கை அளக்காமல் மூடாதீர்கள்

ஏற்காடு சீசன் முடிந்த கையோடு சேலத்துப் பட்டறைகளுக்கு ஆட்டோமேட்டிக் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். இந்த முறை வந்த கடிதங்களும் அதைப் பற்றித்தான். சீலநாயக்கன்பட்டித் தம்பியின் கேள்விக்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் அது பயன்படும்.

எஸ்டேட் வேலைக்காகப் பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினோம். காலையில் ‘டி’ போட்டால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் நகர்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆட்டோமேட்டிக் ஆயிலைச் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில வண்டிகளுக்கு முறை வேறு, அதனால் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், பிரஷர் இறங்கும். நீங்கள் சொல்கிற இரண்டு கோளாறும் அதனாலேயே வரலாம். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆக்ஸில் சீல், கூலர் ஹோஸ், பேன் (கியர்பாக்ஸின் அடியில் இருக்கிற ஆயில் தட்டு) கேஸ்கெட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் அளவு சரியாக இருந்து, நிறம் மட்டும் பழுப்பாகிக் கருகல் வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் வெந்திருக்கிறது. பேனைக் கழற்றினால் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை போலக் கருஞ்சாம்பல் பசை கொஞ்சம் இருந்தால் கவலை இல்லை. உலோகத் துணுக்கோ, பேனில் பிளேட்டின் காகிதத் தூளோ இருந்தால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிரம், கியர் செட், பம்ப் நல்ல நிலையில் இருந்தால் சீல் கிட், புது கிளட்ச் பிளேட், ஃபில்டர் போட்டு ஓவர்ஹால் செய்யலாம். ஆனால் மெக்கானிக்கிடம் ‘பிளேட் எதனால் வெந்தது?’ என்று கேட்டுப் பதிலை வாங்குங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிளேட் போட்டால் அதுவும் வேகும். காலையில் தாமதமாக நகர்கிறது என்பதைப் பார்த்தால் எனக்குக் கிளட்ச் பிளேட்டை அழுத்துகிற பிஸ்டனின் சீல் மேல்தான் சந்தேகம். பழைய ரப்பர் விறைத்துப்போய், குளிர்ந்த நேரத்தில் பிரஷரைக் கசிய விடும்.

அதுவரை இந்த வண்டியில் மலை ஏறாதீர்கள். சேலம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நழுவுகிற கிளட்சோடு அந்த ஏற்றம் ஒவ்வொன்றும் மிச்சமிருக்கும் பிளேட்டையும் தின்றுவிடும்.

நான் இளம் மெக்கானிக். முதல் முறையாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டுகிறேன். ஒரு டிரம்மில் 4 ஃபிரிக்ஷன் பிளேட், எல்லாம் புதிது. மேனுவலில் கிளியரன்ஸ் 0.8 முதல் 1.1 மி.மீ. என்று இருக்கிறது. எனக்கு 1.5, 1.5, 1.6 வருகிறது. ‘கையால் ஆட்டிப் பார், லேசாக ஆடினால் போதும்’ என்கிறார் சீனியர். அப்படியே மூடலாமா?
– வாசகர், சீலநாயக்கன்பட்டி

மூடாதீர்கள் தம்பி. மூன்று இடத்தில் அளந்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தால் 0.9-க்கும் 1.5-க்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. சிவதாபுரத்தில் கொலுசுக்கு வெள்ளி நிறுக்கிற மாதிரி நுணுக்கமான வேலை இது. கேஜ்தான் பேச வேண்டும்.

கிளியரன்ஸ் என்கிற அந்த இடைவெளி எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். டிரம்முக்குள் ஒரு ஸ்டீல் பிளேட், காகித லைனிங் ஒட்டிய ஒரு ஃபிரிக்ஷன் பிளேட் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறது. ஆயில் பிரஷர் வந்ததும் பிஸ்டன் மொத்த அடுக்கையும் மேலே இருக்கிற தடித்த பேக்கிங் பிளேட்டோடு சேர்த்து அழுத்தும், கிளட்ச் பிடிக்கும். பிரஷர் போனதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், பிளேட்டுகள் விலகும். இடைவெளி குறைந்தால் விலக வேண்டிய பிளேட் விலகாது. வேறு கியரில் ஓடும்போதும் உரசிக்கொண்டே சூடாகும், நியூட்ரலில்கூட வண்டி நகரப் பார்க்கும். இடைவெளி அதிகமானால் பிஸ்டன் தூரம் போக வேண்டும். கியர் தாமதமாக விழும், நடுவில் இன்ஜின் கத்தும், பிறகு உதறும். ரொம்பவும் தூரம் போனால் பிஸ்டன் சீல் தன் இடத்தை விட்டே தாண்டும். முதல் கேள்வி கேட்ட அம்மாவின் வண்டிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு ஃபிரிக்ஷன் பிளேட்டுக்கு கால் மி.மீ. என்று ஒரு பட்டறைக் கணக்கு உண்டு. உங்கள் 4 பிளேட்டுக்கு அது 1 மி.மீ. வரும், மேனுவலோடு ஒத்துப்போகிறது. ஆனால் இந்தக் கணக்கைச் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் சொல்வதுதான் முடிவு. ஒரே கியர்பாக்ஸிலேயே ஒவ்வொரு டிரம்முக்கும் அளவு வேறு.

சரி, 1.5 ஏன் வந்தது? பேக்கிங் பிளேட்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள். பழைய பிளேட், புது பிளேட் இரண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்துத் தடிமன் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரே மாடலுக்கு என்று வருகிற கிட்டில்கூடத் தடிமன் மாறி வந்துவிடும். ஸ்டீல் பிளேட்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். நீலம் கறுப்பாகத் திட்டுத்திட்டாக வெந்திருந்தால் அளவு சரியாக இருந்தாலும் போடாதீர்கள். வளைந்த தட்டு இருக்கிற அடுக்கென்றால் அது சரியான பக்கம் பார்த்திருக்கிறதா பாருங்கள். அதை நசுக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தால் இல்லாத இடைவெளியைக் காட்டும். எவ்வளவு அழுத்தி அளப்பது என்பதையும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஃபிரிக்ஷன் பிளேட்டை ஊற வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வண்டிக்கு உரிய ஆயிலிலேயே குறைந்தது அரை மணி நேரம் முக்கி வையுங்கள். நான் வேலை தொடங்கும்போதே தட்டில் போட்டுவிடுவேன். உலர்ந்த பிளேட்டை அளந்தால் அளவு மாறும், உலர்ந்தபடியே மாட்டினால் முதல் கிளட்ச் பிடியிலேயே கருகும். தண்ணீர் மட்டும் படவே கூடாது, அந்தக் காகித லைனிங்கின் பசை விட்டுப்போகும். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் தேங்கும், காற்று அடிக்கும் முன் வடித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அதே அளவுதான் வருகிறது என்றால் கணக்குக்கு வருவோம். உங்கள் சராசரி 1.53. புது பிளேட் என்பதால் நான் நடுவுக்குச் சற்றுக் கீழே, 0.9 வைப்பேன். குறைக்க வேண்டியது 0.63. இப்போது போட்டிருக்கும் பேக்கிங் பிளேட்டை அளங்கள். உதாரணத்துக்கு அது 3.4 என்றால் 4.0 வேண்டும். 0.6 குறைந்து கிளியரன்ஸ் 0.93 ஆகும். இந்தப் பிளேட் பல தடிமனில் தனியாகக் கிடைக்கும். சில கியர்பாக்ஸில் அடுக்கை டிரம்முக்குள் பூட்டி வைக்கிற ஸ்நாப் ரிங்கே பல தடிமனில் வரும், சிலவற்றில் ஸ்டீல் பிளேட் மாற்ற வேண்டும். சேலத்தில் உடனே கிடைக்காமல் போகலாம். சென்னையிலிருந்து வரும்வரை வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருக்கச் சொன்னதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள், திரும்ப வந்தால்தான் கோபப்படுவார்கள். தகரம் வெட்டி இடையில் செருகுவது, பிளேட்டைக் கிரைண்டரில் தேய்ப்பது இரண்டும் வேண்டாம்.

அளக்கிற முறை: ஸ்நாப் ரிங் தன் காடியில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ரிங்குக்கும் பேக்கிங் பிளேட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்கள். சமதூரத்தில் மூன்று இடம். மூன்றும் நிறைய வேறுபட்டால் ஏதோ ஒரு பிளேட் சரியாக உட்காரவில்லை. டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. முள்ளைப் பிளேட்டின் மேல் வைத்து, டிரம்மின் ஆயில் துளையில் ரப்பர் முனை வைத்து சுமார் 40 பிஎஸ்ஐ காற்றைக் கொடுங்கள். முள் நகர்ந்த தூரம்தான் பிஸ்டன் பயணம். அதே காற்றிலேயே சீலையும் சோதித்துவிடலாம். ‘தொப்’ என்று அடங்கிய சத்தம் வந்தால் நல்லது. ‘உஸ்’ என்று இழுத்தால் சீலின் லிப் (உதடு போன்ற விளிம்பு) மடிந்திருக்கிறது.

அந்த லிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஆயில் பிரஷர் வருகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆயிலில் நனைத்துப் பிஸ்டனை இறக்கும்போது, மெல்லிய ஃபீலர் கேஜை லிப்பைச் சுற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டே வாருங்கள். லிப் ஒவ்வோர் இடமாக உள்ளே வழுக்கிப் போவது கைக்குத் தெரியும். எந்த இடத்திலும் அழுத்தாதீர்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணில் தெறிக்கும், ஸ்பிரிங்கை அழுத்துகிற கம்ப்ரஸர் கருவி போட்டு மாட்டுங்கள். சின்ன உருப்படிகளை ஒட்டி நிறுத்த வாசலின் போதும். கிரீஸ் ஆயிலில் கரையாமல் துளையை அடைக்கும். வேஸ்ட் துணியும் பக்கத்தில் வேண்டாம், அதன் நூல், ஆயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வு பாடியில் போய்ச் சிக்கும்.

உங்கள் சீனியரிடம் சண்டை போடாதீர்கள். கேஜை அவர் கையிலேயே கொடுத்து ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

ஓவர்ஹால் செய்து சில மாதத்திலேயே திரும்பவும் நழுவுகிறது. புது பிளேட், புது ஃபில்டர் எல்லாம் போட்டதாகப் பில் இருக்கிறது. யாரை நம்புவது?
– வாசகர், அம்மாபேட்டை

பில்லில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), கூலர் என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள் அண்ணா. பழைய பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள் எல்லாம் ஆயிலோடு போய்க் கன்வெர்ட்டருக்குள்ளும் ரேடியேட்டரோடு இருக்கிற கூலர் குழாயிலும் தங்கியிருக்கும். கன்வெர்ட்டர் வெல்டு செய்த உருளை, வெளியில் துடைத்தால் உள்ளே சுத்தமாகாது. வெட்டிச் சுத்தம் செய்து மறுபடி வெல்டு வைத்ததோ புதியதோ போட வேண்டும். கூலரை எதிர்த்திசையில் கழுவ வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் வண்டி கிளம்பிய அன்றே பழைய தூள் புது வால்வு பாடிக்கு வந்துவிடும். திரும்பப் பிரிக்கும்போது உருப்படிகளைக் கழுவும் முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த அடுக்கு வெந்திருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

என் கார் ஏஎம்டி. அதிலும் இந்தக் கிளட்ச் அடுக்கு இருக்கிறதா?
– வாசகர், ஓமலூர்

இல்லை. சாதாரண கியர் வண்டியில் இருக்கிற அதே ஒற்றை உலர் கிளட்ச்தான். உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகல் வாசனை வந்தது. ஆட்டோமேட்டிக்கில் இது சகஜமா?
– வாசகி, கன்னங்குறிச்சி

‘டி’யிலேயே வைத்து இறங்கியிருப்பீர்கள் அம்மா. அப்போது கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடும், 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக் மட்டுமே தாங்கும். இறங்க ஆரம்பிக்கும்போதே லீவரை ‘2’க்கோ ‘எல்’லுக்கோ கொண்டுவாருங்கள். மேனுவல் மோடு இருந்தால் இரண்டாவது கியரில் வையுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், அது வண்டியைப் பிடித்துக்கொள்கிற சத்தம். நியூட்ரலில் மட்டும் இறக்காதீர்கள். அப்படியும் வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும்.