பாதியில் மூடிய புத்தகங்கள்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கி வருகிறேன். பாதிக்கு மேல் பிரிக்காமலே கிடக்கின்றன. பொன்னியின் செல்வனை மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். கி. ராஜநாராயணனின் நாவல் ஒன்றை, வட்டார வழக்கு பிடிபடாமல் மூடி வைத்துவிட்டேன். தோழி ஒருத்தி ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்று கணக்கு வைத்துப் படிக்கிறாள். எனக்கு வாசிப்பு வராதோ என்று குற்ற உணர்வாக இருக்கிறது. புத்தகம் வாங்குவதையே நிறுத்திவிடட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வாசிப்பு வராதவருக்கு இந்தக் குற்ற உணர்வும் வராது. முதலில் அந்த ஐம்பது கணக்கை விட்டுவிடுங்கள். தோழிக்கு அது உற்சாகம் தந்தால் நல்லது. ஆனால் எண்ணிக்கைக்காகப் படிக்கும்போது கை தானாகவே மெல்லிய புத்தகங்களைத் தேடும். பிடித்த பக்கத்தை இன்னொரு முறை படிக்க மனம் வராது. அந்த இரண்டாவது முறையில்தான் ஒரு நல்ல எழுத்தாளர் நமக்கு நெருக்கமாகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் தொடராக வந்தது. அன்று படித்தவர்கள் ஒரு வாரத்துக்கான பகுதியைப் படித்துவிட்டு, அடுத்த இதழ் வரும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படி மூன்றரை ஆண்டுகள் ஆறப்போட்டுப் படித்த கதையை விடுமுறை நாட்களுக்குள் முடிக்க முயன்றால் மூன்றாம் பாகத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். நந்தினியும் வந்தியத்தேவனும் உங்களுக்கு மறந்திருக்க மாட்டார்கள்.

கி.ரா.வை மூடியது வேறு விஷயம். கரிசல் காட்டுப் பேச்சு காதுக்கானது. கண்ணால் வேகமாக ஓட்டினால் சொற்கள் தடுக்கும். முதல் முப்பது பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வீட்டில் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. புரியாத சொல் வந்தால் நிற்காமல் கடந்து போங்கள். இரண்டு பக்கம் தள்ளி அதே சொல் வரும்போது பொருள் தானே விளங்கிவிடும். அந்த வட்டாரச் சொற்களுக்கென்று கி.ரா.வே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். ஆகவே தடுமாறுவது நீங்கள் மட்டும் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு புத்தகம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அவற்றில் ஒன்று. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இன்னொன்று. நூலகர்களுக்காக அவர் எழுதியவை இவை; நம் வீட்டு அலமாரிக்கும் பொருந்தும். பலர் புகழ்ந்த நூல் உங்களுக்கு இன்று பொருந்தாமல் போகலாம். நாற்பது வயதில் அதுவே உங்களை உலுக்கலாம்.

அலுவலகம் முடிந்து களைத்து வரும் நாட்களில் நாவலைத் தொடாதீர்கள். சிறுகதை எடுங்கள். புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி, அசோகமித்திரன் மூவரிடமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்து இரவெல்லாம் கூடவே வரும் கதைகள் உண்டு. நாவலை மட்டுமே வாசிப்பு என்று கருதி, தமிழின் மிகச் சிறந்த செல்வத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வாங்குவதை நிறுத்த வேண்டாம், வாங்கும் வழியை மாற்றுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி, புதிய எழுத்தாளரை அங்கே எடுத்துப் படியுங்கள். திருப்பிக் கொடுக்க மனம் வராத புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். புத்தகக் காட்சிக்குப் போகும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத ஒன்றையும், அட்டையைப் பார்த்தோ இரண்டு பக்கம் புரட்டியோ, ஆசைக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்காமல் கிடப்பவற்றில் ஒவ்வொன்றிலும் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு, வேண்டாதவற்றை அருகில் உள்ள கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நூலகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா இடத்திலும் அடுக்க இடம் இருக்காது.