தீயணைப்புத் துறையைப் போலீஸ் ஆணையர் கையில் எடுப்பதை உள்ளூர்க் கவுன்சில் தடுக்க முடியுமா?

இங்கிலாந்தைப் பற்றிய கேள்வி என்பதால் நேரடியாகச் சொல்கிறேன்: தடுக்க முடியாது, தாமதப்படுத்த முடியும்.

2017-ல் வந்த போலீஸ் மற்றும் குற்றச் சட்டம் இரண்டு விஷயம் செய்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒத்துழைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைக் கடமையாக்கியது. அப்புறம், மக்கள் தேர்ந்தெடுத்த போலீஸ் மற்றும் குற்ற ஆணையர் விரும்பினால் தீயணைப்பு நிர்வாகத்தையும் தானே ஏற்கலாம் என்றது. அதற்கு அவர் செலவு, திறன், பொதுப் பாதுகாப்பு ஆகியவற்றை விளக்கி ஒரு திட்ட அறிக்கை தயாரித்து, மக்களிடமும் கவுன்சில்களிடமும் கருத்துக் கேட்டு, பொறுப்பான அமைச்சருக்கு அனுப்ப வேண்டும்.

கவுன்சிலின் பலம் வருவது இங்கேதான். அது எதிர்த்தால் அமைச்சர் சும்மா கையெழுத்துப் போட்டுவிட முடியாது, சுயாதீன மதிப்பீடு ஒன்றை வாங்கிப் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகும் முடிவு அவருடையதுதான், அதனால்தான் 'தாமதம்' என்றேன். எசெக்ஸில் எதிர்ப்பு பெரிதாக இல்லை, 2017 அக்டோபரிலேயே மாற்றம் முடிந்தது. வெஸ்ட் மெர்சியாவில் அமைச்சர் 2018-ல் ஒப்புக்கொண்ட பிறகும், அங்கே தீயணைப்பை நடத்திவந்த தீயணைப்பு ஆணையங்கள் நீதிமன்றம் போயின, வழக்கில் தோற்றன, ஆனாலும் இழுபறியில் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

ஆணையரைக் கண்காணிக்கக் கவுன்சிலர்கள் உட்காரும் போலீஸ் குழுவை நம்பிப் பயனில்லை. ஆணையர் கேட்கும் வரித் தொகையை அந்தக் குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஒருமுறை நிராகரிக்கலாம். இந்த இணைப்பை நிராகரிக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

எனவே உங்கள் ஆட்சேபணையைக் கருத்துக் கேட்பின்போதே எழுத்தில் கொடுங்கள், முக்கியமாக அறிக்கையில் சொல்லும் சேமிப்புக் கணக்கை நோண்டிக் கேளுங்கள்.