அந்தக் கையில் என்ன குத்தியிருக்கிறது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்கையில் டாட்டூ குத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற காரியமா இது? வெள்ளைக்காரனைப் பார்த்து வந்த இந்த மோகத்துக்கு என்னதான் காரணம்?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகள் கையில் குத்தியிருப்பது என்ன என்று ஒரு இடத்திலும் இல்லை. பூவா, பெயரா, ஏதாவது தேதியா? அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள்.

வெள்ளைக்காரன் பேச்சை முதலில் விடுங்கள். டாட்டூ என்ற சொல்தான் வெளியிலிருந்து வந்தது, அதுவும் பசிபிக் தீவுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பச்சை குத்துவது நம் ஊர் வழக்கம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில், குறத்திகள் மை தயாரித்த விதமே எழுதியிருக்கிறது: மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். ஒரு புள்ளிக்குக் காலணா, பெரிய கோலம் என்றால் பன்னிரண்டு அணா. வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் பாடுவார்கள்.

என் அப்பத்தா கையில் ஒரு கோலமும் அதற்குக் கீழே தாத்தாவின் பெயரும் இருந்தன. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வாழ்ந்தவர், ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம் பேசாமல் கையை நீட்டிக் காட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "நகையெல்லாம் கழட்டிக்கிட்டுத்தான் அனுப்புவாங்க, இது மட்டும்தான் கூட வரும்" என்பார். அந்தப் பச்சைக்கு அவர் சொன்ன காரணம் அதுதான்.

எல்லாருக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் உடம்பில் 61 குறிகள். அதில் பல இடுப்பு, முழங்கால், கணுக்கால் பக்கம், அதாவது தேய்ந்துபோன மூட்டுகளின் அருகில் இருப்பதால் வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்கிறார்கள். சத்தீஸ்கரின் ராம்நாமிகள், கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சாதியைச் சொல்லித் தள்ளிவைக்கப்பட்டவர்கள், ராமன் பெயரை முகம் முதல் பாதம் வரை தங்கள் தோலிலேயே எழுதிக்கொண்டார்கள். இனி யார் வந்து அந்தப் பெயரை அவர்களிடமிருந்து பிடுங்க முடியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எழுபதுகளில் எம்.ஜி.ஆர். சொன்னார் என்று கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொண்ட தொண்டர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

நாம் கோபப்பட வேண்டிய பச்சை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தி அனுப்பினார்களே, 1849-இல்தான் அது நின்றது. ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் யூதர்கள் கையில் நம்பர் குத்தினார்கள். அங்கெல்லாம் தோல் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. என் அப்பத்தாவையும் பத்து வயதில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் குத்தினார்களாம், வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் மகள் தன் கைக்குத் தானே முடிவெடுத்திருக்கிறாள். சொல்லாமல் செய்துவிட்டாளே என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கும், நியாயம்தான், அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் பெயரைச் சொல்லி மிரட்டாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பிரிக்காத புது ஊசியில்தான் குத்தினார்களா என்று கேளுங்கள், ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை பி, சி இரண்டுமே ஒட்டலாம். வீக்கமோ சீழோ இருந்தால் தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னம்மா?" என்று கேளுங்கள். இப்போது சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.