தாழ்மையைப் பற்றி வேத வகுப்பு எடுக்கச் சொன்னால் எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சபையில் பெரியவர்களுக்கான வேதாகம வகுப்பில் மனந்திரும்புதல், தாழ்மை இரண்டையும் சேர்த்து ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும், எங்கே தொடங்குவது? எனக்கே தாழ்மை கிடையாது, எந்த முகத்தோடு எடுப்பது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். இருக்கிற முகத்தோடுதான், வேறு முகம் நம்மிடம் இல்லையே. முதல் கேள்விக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

நான் முதன்முதலில் இதே பாடத்தை எடுத்தபோது 12 பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். லூக்கா 18-ல் வரும் பரிசேயன், ஆயக்காரன் உவமை. இரண்டு பேர் ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போகிறார்கள். யூத சமய விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் தன் பக்தியைப் பட்டியல் போடுகிறான். வரி வசூல் வேலையால் ஊரே வெறுக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொள்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் ஆயக்காரன்தான் என்கிறார் இயேசு. நான் பரிசேயனை ஐந்து நிமிடம் நன்றாகக் கிழித்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, ஒரு சந்தேகம். அந்தப் பரிசேயன் பொய்யா சொன்னான்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "நல்ல கேள்விக்கா, நேரம் இருந்தா கடைசியில பார்ப்போம்" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டேன். நேரம் இல்லாதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான். அதுவும் தாழ்மையைப் பற்றிய பாடத்தில்!

வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தால், அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் எல்லாருக்கும் விதித்த உபவாசம் வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் இருக்கிறான். சம்பாத்தியம் முழுவதிலும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுக்கிறான். ஜெபத்தையும் ஸ்தோத்திரத்தோடுதான் தொடங்குகிறான். நம் சபையில் இருந்தால் இவனைத்தான் செயலாளர் ஆக்குவோம்.

அப்படியானால் கோளாறு எங்கே? சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பை எடுத்து, வினைச்சொற்களின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். பரிசேயனுக்கு: ஸ்தோத்திரிக்கிறேன், உபவாசிக்கிறேன், செலுத்திவருகிறேன். எல்லாமே "நான்" செய்வதைச் சொல்லும் "-ஏன்" விகுதியில் முடிகின்றன. ஆயக்காரன் சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதில் அப்படி முடிகிற வினை ஒன்றுகூட இல்லை. செய்ய வேண்டியவர் தேவன், இவன் வெறும் "என்மேல்". இதை நீங்கள் விளக்காதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் சொல்லிக்கொடுத்த வகுப்பைவிட, அவர்களே கோடு போட்ட வகுப்பு நன்றாக நடந்தது.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வாசித்து முடித்ததும் எல்லார் மனதிலும், "நல்லவேளை, நான் இந்தப் பரிசேயனைப் போல இல்லை" என்று ஓடும். ஓடட்டும். ஒரு நிமிடம் விட்டு, "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று பரிசேயன் ஸ்தோத்திரிக்கிற 11-ஆம் வசனத்தை இன்னொரு முறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யாராவது சிரித்துவிடுவார்கள்.

மனந்திரும்புதலுக்கு நீளமான விளக்கம் வேண்டாம், அந்தச் சொல்லையே பிரித்துக் காட்டினால் போதும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான மெத்தனோயா மனம் மாறுவதைக் குறிக்கும். எபிரெயத் தீர்க்கதரிசிகள் பயன்படுத்தும் ஷூப் என்ற சொல்லுக்குத் திரும்பி வருவது என்று பொருள். தமிழில் மனம், திரும்புதல் இரண்டுமே ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன.

மாற்றம் ஒரே நாளில் நடந்து முடியும் என்று நினைப்பவர்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்கு மாற்கு 8. பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனைத் தொட்ட பிறகும் அவனுக்குப் பாதிதான் தெரிகிறது. நடக்கிற மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். மறுபடி கை வைத்த பிறகுதான் பார்வை தெளிகிறது. அடுத்த சில வசனங்களிலேயே பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிடுகிறான், இயேசு பாடுபடப்போவதை ஏற்காததால் உடனே அவரால் கடிந்துகொள்ளவும்படுகிறான். அவனுக்கும் அப்போது பாதிப் பார்வைதான். பல வருஷம் கழித்து, அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டான் என்று கலாத்தியர் 2-ல் பவுல் எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே இந்த நிலைமை.

பவுல் தன்னை முதலில் "அப்போஸ்தலரில் சிறியவன்", பிறகு "பரிசுத்தவான்களில் சிறியவன்", கடைசியில் "பிரதான பாவி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் என்று பலர் பிரசங்கிப்பார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் பின்னிரண்டு வரிகளும் வருகிற எபேசியர், 1 தீமோத்தேயு நிருபங்கள் இரண்டையும் பவுலே எழுதினாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதனால் நான் இந்த வரிசையை நம்பிப் பாடம் கட்டுவதில்லை.

சாட்சி சொல்லச் சொல்வதிலும் கவனம் தேவை. "நீங்கள் எப்படி மாறினீர்கள்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் முந்தினவரைவிடப் பெரிய சாட்சி சொல்லப் பார்ப்பார்கள்; கடைசியில் யார் பெரிய பாவியாக இருந்தார் என்று போட்டியே நடக்கும். நான் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "உங்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், உங்களிடம் எது இன்னும் மாறவில்லை என்பார்கள்?" என்று எழுதச் சொல்வேன். யாரும் வாசிக்க வேண்டாம், மடித்து அவரவரே வைத்துக்கொள்ளலாம்.

அந்த அக்கா விஷயம்: அடுத்த வாரம் வகுப்பைத் தொடங்கும்போதே, "போன வாரம் அக்கா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியாதுன்னு சொல்லாம நழுவிட்டேன்" என்றேன். காது சுட்டது. அவர், "தெரியும் தம்பி, அன்னிக்கே தெரிஞ்சுது" என்றார். அதுவரை வாயே திறக்காத இரண்டு பேர் அன்றுதான் கேள்வி கேட்டார்கள்.

அப்புறம் ஒன்று. கேள்வி கேட்டதும் வகுப்பு மௌனமாகிவிட்டால் பதறி நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். நான் மனதுக்குள் 20 வரை எண்ணுவேன். பெரும்பாலும் 15 தாண்டுவதற்குள் யாராவது தொண்டையைச் செருமிவிடுவார்கள்.