வினையூக்கும் ஆன்டிபாடிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வினையூக்கும் ஆன்டிபாடிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதி செய்யும் வேலையை, நோய்க்கிருமிகளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதமான ஒரு ஆன்டிபாடியைச் செய்யவைக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் படிக அமைப்பைப் பற்றியே, அதாவது மூலக்கூறைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அதன் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று படம்பிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். வேதிவினை என்பது நடந்துகொண்டே இருப்பது, படிகத்திலோ எல்லாம் அசையாமல் நிற்கிறது. ஓடுகிறவனின் ஒரு புகைப்படத்தை வைத்து அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்று சொல்லிவிட முடியுமா? இரண்டாவது, நினைத்த வினைக்கெல்லாம் ஆன்டிபாடி தயாரிக்கலாம் என்றால் இத்தனை வருடங்களில் அது ஏன் மருந்தாக வரவில்லை? தோற்றுப்போன துறையைப் பற்றி ஏன் இவ்வளவு உற்சாகமாக எழுதுகிறார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஆன்டிபாடிகள் ஏன் மருந்தாகவில்லை என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததே அந்த அசையாத படங்கள்தான்.

புகைப்பட விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு எஸ்டர் மூலக்கூறு (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாவது) தண்ணீரால் உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையாக இருந்த கார்பன் அணுவைச் சுற்றி ஒரு கணம் நான்கு பிணைப்புகள் நான்முகி வடிவில் நிற்கின்றன, ஆக்சிஜன் மேல் எதிர்மின்சுமை ஏறுகிறது, அப்புறம் உடைந்துவிடுகிறது. வினையின் அந்த உச்ச நிலை நீடிப்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இல்லை, அதை எந்தப் படிகத்திலும் பிடித்து வைக்க முடியாது. ஆனால் கார்பன் இருக்கும் இடத்தில் பாஸ்பரஸை வைத்து ஒரு பாஸ்போனேட் தயாரித்தால் அதே நான்முகி வடிவம், அதே மின்சுமை, ஆனால் உடையாது. நொதி இறுக்கிப் பிடிப்பது வினையின் உச்ச நிலையைத்தான் என்று வேதியியலர் லைனஸ் பாலிங் 1940களிலேயே சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த நிலையைப் போன்ற ஒரு மூலக்கூறுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி நொதியைப் போல வேலை செய்ய வேண்டுமே என்று 1969இல் வில்லியம் ஜென்க்ஸ் யோசித்தார். ஒரே வகை ஆன்டிபாடியைத் தேவையான அளவு எடுக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த பிறகு, 1986இல் ரிச்சர்ட் லெர்னரின் குழுவும் பீட்டர் ஷூல்ட்ஸின் குழுவும் தனித்தனியாக அதைச் செய்து காட்டினார்கள்.

ஆகவே படிகத்துக்குள் இருப்பது ஏதோ ஒரு கணத்தில் எடுத்த படம் இல்லை. பாஸ்போனேட்டைப் பிடித்தபடி படிகமான ஆன்டிபாடியில் நாம் பார்ப்பது, வினையின் மிகக் கடினமான கட்டத்தை அது எந்தக் கையால், எந்தப் பக்கத்திலிருந்து தாங்குகிறது என்பதை. (முழு ஆன்டிபாடியின் நடுப்பகுதி வளைந்து ஆடும், சீராக அடுக்கிப் படிகமாக்குவது கடினம். அதனால் பாப்பெயின் போன்ற ஒரு நொதியால் வெட்டி, பிணைக்கும் முனை உள்ள ஃபேப் துண்டை மட்டும் படிகமாக்குவதே வழக்கம்.)

1994இல் வெளிவந்த 17ஈ8 என்ற ஆன்டிபாடியின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் பார்த்தபோது பிணைப்புக் குழியில் செரின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமான அலகுகள்) அருகருகே நின்றன. நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற டிரிப்சின் வகை நொதிகளில் இருக்கும் ஏற்பாட்டை நினைவூட்டும் ஜோடி அது. எதிர்மின்சுமையைத் தாங்க லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் இருந்தது. யாரும் திட்டமிட்டு அவற்றை அங்கே வைக்கவில்லை. ஒரு பாஸ்போனேட்டை ஊசியில் போட்டார்கள், எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் சில வாரங்களில் இதைச் செய்தது. என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது இந்த ஒரு விஷயம்தான், இன்றும் அந்த ஆச்சரியம் குறையவில்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு அமைப்புதான் உங்கள் நண்பருக்கான பதில். 1எஃப்7 என்ற ஆன்டிபாடி கோரிஸ்மேட் என்ற மூலக்கூறைப் பிரிபீனேட் என்ற இன்னொன்றாக மாற்றும். பாக்டீரியாக்களில் இதே வேலைக்கு ஒரு நொதி உண்டு, அதன் அமைப்பும் அப்போது தெரிந்திருந்தது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. இரண்டுமே மூலக்கூறை ஏறக்குறைய ஒரே தோரணையில் மடக்கிப் பிடிக்கின்றன. ஆனால் நொதியின் குழியில் மின்சுமை கொண்ட அமினோ அமிலங்கள் பல பக்கங்களிலிருந்து மூலக்கூறைத் தொட்டு நிற்க, ஆன்டிபாடியில் அப்படிப்பட்ட தொடுகைகள் மிகக் குறைவு. வடிவம் பொருந்துகிறது, வேதியியல் போதவில்லை. விளைவு வேகத்தில் தெரிகிறது: நொதி அந்த வினையைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேகப்படுத்துகிறது, ஆன்டிபாடி சுமார் 250 மடங்கு.

ஏன் இப்படி? நோயெதிர்ப்பு மண்டலம் தேர்ந்தெடுப்பது யார் நன்றாகப் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும்தான். பிடித்ததை உடைத்து வெளியே விட்டு அடுத்ததை எடுப்பவருக்கு அங்கே எந்தச் சலுகையும் இல்லை. இதை மிக நெருக்கத்தில் காட்டுவது 48ஜி7 என்ற ஆன்டிபாடி. ஷூல்ட்ஸ், ரேமண்ட் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழு, முதிர்ந்த ஆன்டிபாடியோடு (எலியின் உடலில் பிறழ்வுகளால் மெருகேறியதோடு) நிற்காமல், அதன் மூதாதையையும் (அதாவது பிறழ்வுகள் ஏற்படுவதற்கு முந்தைய வடிவத்தை) உண்டாக்கிப் படிகமாக்கியது. மூதாதைக்கும் முதிர்ந்ததற்கும் இடையே ஒன்பது அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன, பிடிப்பு 30,000 மடங்கு இறுகியிருக்கிறது. சரி, அந்த ஒன்பதும் குழிக்குள் ஹாப்டெனை (ஊசியில் போட்ட அந்தச் சிறு மூலக்கூறை) தொட்டுக்கொண்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒன்றுகூடத் தொடவில்லை. சில 15 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கின்றன. மூதாதையின் குழி நெகிழ்வானது, ஹாப்டென் வந்த பிறகு தன்னை மாற்றிக்கொண்டு பிடிக்கிறது. முதிர்ந்ததோ ஹாப்டென் வருவதற்கு முன்பே அந்த வடிவத்தில் தயாராக நிற்கிறது. தூரத்தில் நடந்த அந்த ஒன்பது மாற்றங்களும் சேர்ந்து குழியை அந்த நிலையில் இறுக்கி வைத்திருக்கின்றன. இதை நான்கு அசையாத படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்: மூதாதை தனியாக, ஹாப்டெனோடு, முதிர்ந்தது தனியாக, ஹாப்டெனோடு. ஒரு படத்தால் சொல்ல முடியாத அசைவை நான்கு படங்கள் சொல்லிவிட்டன.

பிடிப்புக்குப் பதிலாக வினைக்கே தேர்வு வைத்தால் என்ன ஆகும் என்பதையும் செய்து பார்த்துவிட்டார்கள். லெர்னரும் கார்லோஸ் பார்பாஸும் 1995இல் பாஸ்போனேட் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும் மூலக்கூறை விட்டுவிட்டு, லைசினோடு உண்மையாகவே பிணைந்துகொள்ளும் ஒரு டைகீட்டோனை ஊசியில் போட்டார்கள். கிடைத்தவற்றில் ஒன்றான 33எஃப்12இன் அமைப்பு 1997இல் வந்தது. எண்ணெய்ப்பசை கொண்ட ஓர் ஆழமான குழி, அதன் அடியில் ஒரே ஒரு லைசின். சாதாரணமாக உடலின் பிஹெச்சில் (அமில-கார அளவில்) லைசின் நேர்மின்சுமையோடு இருக்கும், வினையில் இறங்காது. இந்தக் குழியில் தண்ணீரும் மின்சுமையும் அண்டாததால் அது சுமையில்லாமல் வினைக்குத் தயாராக இருக்கிறது. ஆல்டால் வினையை (இரண்டு மூலக்கூறுகளைக் கார்பன்-கார்பன் பிணைப்பால் இணைக்கும் வினையை) நடத்தும் இயற்கையின் ஆல்டோலேஸ் நொதிகளில் ஒரு வகை நம்பியிருப்பதும் இப்படிப்பட்ட ஒரு லைசினைத்தான். இந்த ஆன்டிபாடி நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்டால் வினைகளைச் செய்கிறது. இதன் உடன்பிறப்பான 38சி2 வேதியியல் கூடங்களுக்கு விற்பனைக்கே வந்தது.

மருந்து விஷயம். ரத்தத்தில் கோகெய்னை உடைக்கும் ஆன்டிபாடிகளை 1993 முதல் உருவாக்கினார்கள். எலிகளில் பலன் தெரிந்தது. ஆனால் போதுமான வேகம் வரவில்லை, அதே வேலைக்கு இயற்கை நொதி ஒன்றைத் திருத்தி எடுப்பது மேலான வழியாகிவிட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தோல்வி என்ற சொல்லை ஏற்க மாட்டேன். உச்ச நிலையை இறுக்கிப் பிடித்தாலே வினை வேகமாகிவிடும் என்ற கருத்து எவ்வளவு தூரம் சரி, எங்கே போதாமல் போகிறது என்பதை அணு அணுவாக அளந்து காட்டிய துறை இது. இன்று கணினியில் புதிய நொதிகளை வடிவமைப்பவர்களும் இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். குழியின் வடிவம் சரியாக அமைந்தும் வேகம் வராமல், ஆய்வுக்கூடத்தில் பல சுற்றுப் பிறழ்வும் தேர்வும் நடத்தித்தான் தேற்றுகிறார்கள்.

உங்களுக்கு நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். புரதத் தரவு வங்கி எல்லோருக்கும் இலவசம். அதில் 48ஜி7 என்று ஆங்கில எழுத்தில் தேடினால் நான் சொன்ன அமைப்புகள் கிடைக்கும். மூதாதையின் இரண்டு அமைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஹாப்டென் இருக்கும்போதும் இல்லாதபோதும் குழியின் ஓரத்தில் அமினோ அமிலங்களின் எந்தெந்தப் பக்கச்சங்கிலிகள் இடம் மாறுகின்றன என்று பாருங்கள். அப்புறம் முதிர்ந்த வடிவத்தின் இரண்டையும் அதேபோல வையுங்கள். உங்கள் நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.